கூத்தும் குடும்பமும்

கலைஞனும் உண்ண வேண்டும். அவன் மனைவி மக்களும் உண்ண வேண்டும். இஃது எவரும் அறிந்த உண்மை. ஆயினும், கலைகளின் வரலாற்றை எழுதியவர்கள் இவ்வுண்மையை நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. எந்த அரசன் காலத்தில் எந்தக் கலை தழைத்தது, எந்தப் புலவர் எந்நூலைச் செய்தார், எந்த ஆட்டம் எந்தக் கோயிலில் நிகழ்ந்தது என்றெல்லாம் விரித்து எழுதினார்கள். ஆடியவன் வீட்டில் அன்று அடுப்பு எரிந்ததா, அவன் பிள்ளை பள்ளிக்குச் சென்றானா, அவன் ஊர் ஊராய்த் திரிந்தபோது வயலையும் மாட்டையும் பார்த்துக்கொண்டவர் யார் என்று கேட்டவர் சிலரே. அக்கேள்வியையே இன்று நாம் எடுத்துக்கொள்வோம். கலையையும் இல்வாழ்க்கையையும் ஒருங்கே நடத்துவதற்கு நம் முன்னோர் என்னென்ன ஏற்பாடுகளைச் செய்தனர், அவற்றுள் எவை நிலைத்தன, எவை தளர்ந்தன என்பதை வரலாற்று முறையில் ஆராய்வோம்.

இவ்வாராய்ச்சிக்குப் பொருத்தமான களம் தொண்டை மண்டலம். சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது திருப்பெரும்பூதூர். வண்டலூரிலிருந்து வாலாசாபாத்துக்குச் செல்லும் சாலையில் உள்ளது ஒரகடம். இவற்றுக்கு மேற்கே காஞ்சி மாநகரம். பாலாற்றைக் கடந்து தெற்கே சென்றால் செய்யாற்று வட்டாரம். இன்று இப்பகுதியின் பெயரைச் சொன்ன அளவில் மோட்டார்த் தொழிற்சாலைகளே பலருக்கும் நினைவுக்கு வரும். ஆயின், கட்டைக்கூத்து என்றும் தெருக்கூத்து என்றும் வழங்கும் பழைய நாடகக் கலையின் தாயகமும் இதுவே. இரவெல்லாம் கூத்தாடும் கலைஞரும், இரவு முறைப்பணி முடித்துத் திரும்பும் தொழிலாளரும் ஒரே ஊரில், ஒரே தெருவில், சில வேளைகளில் ஒரே வீட்டில் வாழும் நாடு இது.

திருப்பெரும்பூதூர் என்றதும் 1017 ஆம் ஆண்டில் அங்கே தோன்றிய இராமானுசர் நம் நினைவுக்கு வருவார். அவர் இல்லறத்தை விட்டுத் துறவறம் பூண்ட வரலாறு யாவரும் அறிந்ததே. தாம் மேற்கொண்ட பணிக்கு இல்லறம் இசையாது என்று கண்ட பெரியோர் அதனைத் துறப்பது ஒரு வழி. ஆயின், எல்லாக் கலைஞரும் துறவியராதல் இயலாது. ஆக வேண்டுவதும் இல்லை. அதிலும் கூத்துக்கலை தந்தையிடமிருந்து மகனுக்கும், மாமனிடமிருந்து மருமகனுக்கும் வழிவழியாய் வருவது. குடும்பம் இல்லையேல் அக்கலையே இல்லை. எனவே, கூத்தனுக்குத் துறவு வழியாகாது. அவன் வீட்டையும் காக்க வேண்டும். வேடத்தையும் காக்க வேண்டும்.

இச்சிக்கல் புதியதன்று. சங்க காலத்துப் பாணரும் கூத்தரும் பொருநரும் விறலியரும் சுற்றம் சூழ ஊர் ஊராய்ச் சென்றவர்கள். அவர்களுடைய வாழ்க்கையைப் பத்துப்பாட்டில் உள்ள ஆற்றுப்படை நூல்கள் தெளிவாய்க் காட்டுகின்றன. அவற்றுள் இரண்டு நம் களத்தைச் சார்ந்தவை. 500 அடிகளால் ஆகிய பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியில் ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பாணனை ஆற்றுப்படுத்துவது. கூத்தராற்றுப்படை என்னும் வேறு பெயரும் உடைய மலைபடுகடாம், 583 அடிகளில், செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் கூத்தரை வழிப்படுத்துவது. பரிசில் பெற்று வரும் ஒருவன் பரிசில் பெறாத மற்றொருவனுக்கு வழி கூறுவதே இந்நூல்களின் அமைப்பு. இக்காலத்து மொழியில் சொல்வதானால், வேலை கிடைத்தவன் வேலை கிடைக்காதவனுக்கு இடம் காட்டுகின்றான்!

சிறுபாணாற்றுப்படையில் வரும் ஒரு காட்சியை மாணவர்கள் மறக்கலாகாது. பாணனுடைய வீட்டிலே பசி. அண்மையில் ஈன்ற நாய் குட்டிகளுக்குப் பாலூட்டவும் மாட்டாது குரைக்கின்றது. வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த கீரையைக் கிள்ளி வருகின்றாள். உப்பும் இல்லாமல் அதனை வேகவைக்கின்றாள். பிறர் கண்டால் நாணம் என்று கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கின்றாள். யாழின் இனிமையைப் பாடிய புலவர் அதனை வாசித்தவனுடைய அடுப்பையும் நோக்கினார். கலையின் புகழ் சபையில் நிற்க, அதன் விலையைச் செலுத்தியவள் அடைத்த கதவுக்குப் பின்னே நின்றாள் என்பதை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தமிழ் இலக்கியம் பதிந்து வைத்துவிட்டது.

வள்ளல்களின் கொடை பெரிதே. ஆயினும் கொடை என்பது மழை போன்றது. பெய்தால் உண்டு, பெய்யாவிட்டால் இல்லை. அதனை நம்பி ஒரு குடும்பம் அடுத்த ஆண்டுக்குத் திட்டமிட இயலாது. இக்குறையைப் போக்கும் வழியைச் சோழர் காலத்தில் காண்கிறோம். கூத்தருக்கும் பாடுவோருக்கும் ஆண்டுதோறும் விளைவு தரும் பங்கை அளிக்கும் முறை அப்போது கல்வெட்டிலே நிலைபெற்றது. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலில் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தினான். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும் ஒரு பங்கும் கொடுக்கப்பட்டன. ஒரு பங்கு என்பது ஆண்டொன்றுக்கு 100 கலம் நெல். நட்டுவம் செய்தவர்க்கு இரண்டு பங்கு. பங்குடையவர் இறந்துபோனாலும் வெளிநாடு சென்றாலும், அவருக்கு அடுத்த உறவினர் அப்பங்கைப் பெற்று அப்பணியைச் செய்ய வேண்டும்; அவர் தகுதியற்றவராயின், தகுதியுடைய பிறரைத் தேர்ந்து அமர்த்த வேண்டும் என்று கல்வெட்டு விதி செய்கின்றது.

இவ்விதியின் நுட்பம் எண்ணத்தக்கது. பங்கு குடும்பத்துக்கு உரியது. ஆனால் தகுதி கலைக்கு உரியது. குடும்பமும் பட்டினி கிடக்கலாகாது, கலையும் தாழலாகாது என்று இரண்டையும் ஒருங்கே எண்ணிச் செய்த ஏற்பாடு அது. இரண்டாம் இராசேந்திரன் காலத்தில், இராசராசேசுவர நாடகத்தை நடிப்பதற்காகத் திருவாலன் திருமுதுகுன்றனான விசயராசேந்திர ஆசாரியன் என்னும் சாந்திக்கூத்தனுக்கு ஆண்டுதோறும் 120 கலம் நெல் அளிக்கப்பட்டதையும் தஞ்சைக் கல்வெட்டு கூறும். நாடகம் நமக்குக் கிடைக்கவில்லை. நடித்தவனுக்கு அளந்த நெல்லின் கணக்கோ கல்லில் நிற்கின்றது.

ஆயினும், இவ்வேற்பாட்டிற்கு மறுபக்கமும் உண்டு. வீடும் நெல்லும் கொடுத்த கை, பிறப்பையும் பணியையும் ஒன்றாய்ப் பிணைத்தும் விட்டது. கோயிற்கலையைக் காத்த பெண்களின் வழியினர், பிற்காலத்தில் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அப்பணியிலேயே இருக்க நேர்ந்தது. பல நூற்றாண்டுகளில் அம்முறை சீர்கெட்டது. அதன் முடிவாக 1947 ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் தேவதாசி முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. சோறு கொடுக்கும் ஏற்பாடு நன்று. ஆயின் சோற்றோடு உரிமையையும் கொடாத ஏற்பாடு நெடுநாள் நல்லதாய் இராது என்பது இதனால் விளங்கும்.

இனி, தொண்டை மண்டலத்துக் கூத்துக்கு வருவோம். சிற்றூர்களில் கூத்தாடும் உரிமை சில குடிகளுக்கு மிராசாக இருந்தது. ஊர்ப்பணி செய்த அக்குடியினர் திருவிழாவில் ஆடினர். அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் நெல் பெற்றனர். எந்த ஊரில் எவர் ஆடுவது என்பது உரிமையால் அமைந்திருந்தது. வருவாய் பெரிதன்று, ஆனால் இன்ன ஊர் நமக்கு உண்டு என்னும் உறுதி இருந்தது. அவ்வுரிமையோடு தாழ்வும் கலந்திருந்தது. மேடையில் அருச்சுனனாய் நின்றவன், பொழுது விடிந்தபின் ஊராரின் முன் கை கட்டி நிற்க வேண்டியிருந்தது. இரவெல்லாம் அவனைக் கண்டு கைகூப்பிய ஊரே பகலில் அவனைக் 'கூத்தாடி' என்று இகழ்ந்தது.

கூத்தின் காலம் உழவின் காலத்தோடு இயைந்து அமைந்ததையும் காண வேண்டும். தை, மாசி பிறந்தால் திருவிழாக்கள் தொடங்கும். பங்குனி முதல் ஆடி, ஆவணி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரத விழா. பகலில் பாரதச் சொற்பொழிவு. இரவில் அப்பகுதிக்குரிய கூத்து. அருச்சுனன் தவசு நடக்கும் நாளில், நடிகன் பாடிக்கொண்டே உயர்ந்த தவசு மரத்தின்மேல் ஏறுவான். இறுதி நாட் காலையில் மண்ணாற் செய்த துரியோதனனுடைய பேருருவம் கிடக்கும் திடலில் படுகளம், அதன்பின் தீமிதி. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கி ஏரிகள் நிரம்பும்போது கூத்து ஓயும். வயலில் வேலை மிகும் அக்காலத்தில் கூத்தன் உழவனாகவோ கூலியாளாகவோ தன் வீட்டில் இருப்பான். மழைக்காலம் குடும்பத்துக்கு; வெயிற்காலம் கூத்துக்கு என்று ஆண்டு இரண்டாய்ப் பகுக்கப்பட்டிருந்தது. எவரும் எழுதி வைக்காத ஒப்பந்தம் இது. நிலமும் மழையும் சேர்ந்து செய்த ஒப்பந்தம்.

ஆனால், வெயிற்காலத்தின் ஒவ்வொரு நாளையும் எண்ணிப் பாருங்கள். கூத்து இரவு பத்து மணியளவில் தொடங்கிப் பொழுது விடியும்வரை நடக்கும். அதற்குமுன் அரிதாரம் பூசவும், மரக்கட்டையாற் செய்து கண்ணாடிச் சில்லுகள் பதித்த கிரீடமும் புயக்கட்டையும் மார்புப் பதக்கமும் கட்டவும் நெடுநேரமாகும். கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தாற் செய்தனவே ஆயினும், அவற்றை அணிந்து இரவெல்லாம் சுழன்று ஆடுவது எளிய செயலன்று. மத்தளமும் முகவீணையும் ஆர்மோனியமும் ஒலிக்க, ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் திடலின் கடைசி வரிசை வரை கேட்கும்படி உச்சக் குரலில் பாட வேண்டும். விடிந்ததும் அரிதாரத்தைக் கலைத்துவிட்டு, கிடைத்த இடத்தில் சிறிது உறங்கி, மாலையில் அடுத்த ஊருக்குப் புறப்பட வேண்டும். இவ்வாறு வாரக்கணக்காய் வீடு திரும்பாதவர் உண்டு.

அப்பொழுதெல்லாம் வீட்டை நடத்தியவர் யார்? அவர்களுடைய மனைவியரும் தாய்மாருமே. ஆட்டுக்குட்டிக்குத் தழை ஒடித்தவர்கள், நாற்று நட்டுக் கூலி பெற்றவர்கள், பிள்ளையின் காய்ச்சலுக்கு இரவில் கண்விழித்தவர்கள் அவர்களே. கூத்தில் பெண்வேடத்தையும் ஆடவரே புனைந்தனர். பெண்களுக்கு மேடையில் இடமில்லை. ஆயினும் அப்பெண்களின் உழைப்பு இல்லையேல் ஆடவர்க்கும் மேடை இருந்திராது. கூத்துக்குழு என்றால் பதினைந்து பேரளவில் என்று கணக்கிடுவது வழக்கம். வீட்டிலிருந்து அதனைத் தாங்கியவர்களையும் சேர்த்தால் அன்றோ கணக்கு முழுமையாகும்?

இந்தத் துயரத்தைக் கூத்தே அறிந்திருந்தது. கர்ண மோட்சம் என்னும் கூத்தில், கர்ணன் போர்க்களம் செல்லுமுன் தன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும் பகுதி புகழ்பெற்றது. அவள் தடுக்கின்றாள், வாதாடுகின்றாள், அழுகின்றாள். அவன் கடமையைச் சொல்லி விடை கேட்கின்றான். இறந்தவர்க்குச் செய்யும் கருமாதி நாளில் ஆடப்படுவது இக்கூத்து. திடலில் அமர்ந்து கண்ணீர் விடும் மக்கள் பொன்னுருவிக்காக மட்டும் அழுவதில்லை. தத்தம் வீட்டில் நிகழ்ந்த பிரிவையும் எண்ணி அழுகின்றனர். கர்ணனாய் நிற்பவனும் அன்று மாலை தன் வீட்டு வாயிலில் விடைபெற்று வந்தவனே. வாழ்க்கை கலைக்கு இடையூறாவது உண்மை. அவ்விடையூறே கலைக்கு உயிராவதும் உண்மை.

இனி நகரத்தைப் பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழ் நாடக மேடை இருவேறு வழிகளில் சென்றது. ஒரு வழியைக் காட்டியவர் பம்மல் சம்பந்த முதலியார். 1873 இல் பிறந்த அவர் 1891 இல் சென்னையில் சுகுண விலாச சபையை நிறுவியவர்களுள் தலையாயவர். அவர் வழக்கறிஞர், பின்னர்ச் சிறு வழக்கு மன்ற நீதிபதி. பகலில் நீதிமன்றம்; மாலையில் ஒத்திகை. மனோகரன் முதலிய பல நாடகங்களை இவ்வாறே எழுதி நடித்தார். அச்சபையில் நடித்தவர்கள் கற்றவர்கள், வேறு தொழில் உடையவர்கள். நாடகத்தால் வரும் வருவாயை நம்பி அவர்கள் வீட்டு அடுப்பு எரியவில்லை. ஆதலால் தாம் விரும்பிய நாடகத்தை, விரும்பிய முறையில் நடிக்கும் உரிமை அவர்களுக்கு இருந்தது. 'கூத்தாடி' என்னும் இகழ்ச்சியும் அவர்களால் ஓரளவு நீங்கிற்று.

மற்றொரு வழி சங்கரதாச சுவாமிகளுடையது. 1867 இல் பிறந்த அவர், தொடக்கத்தில் உப்புப் பண்டகசாலையில் கணக்கராய் இருந்தார். இருபத்து நான்காம் வயதில் அவ்வேலையை விட்டு நாடகமே வாழ்க்கையெனப் புகுந்தார். மணம் செய்துகொள்ளவில்லை. 1922 இல் மறையும்வரை நாடகக் குழுவே அவருக்கு வீடு, மாணாக்கரே மக்கள். 1918 இல் மதுரையில் அவர் ஆசிரியராய் அமர்ந்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சிறுவர்கள் நடித்தனர். 1912 இல் பிறந்த தி. க. சண்முகம் தம் தமையன்மாரோடு அதில் சேர்ந்தபோது அவருக்கு வயது ஆறு. பெரிய நடிகர் பலரை அத்தகைய பாலர் சபைகளே உருவாக்கின. எனினும், அவற்றிலே வளர்ந்த சிறுவர்கள் தாயின் மடியையும் பள்ளியின் பலகையையும் விட்டு வந்தவர்கள் என்பதையும் வரலாறு குறித்துவைக்க வேண்டும்.

இவ்விரண்டு வழிகளில் எது சிறந்தது என்று வினவுவது எளிது. விடை கூறுவது அரிது. சம்பந்த முதலியாரின் வழி படிப்பும் பதவியும் உடையவர்க்கே இயன்றது. சுவாமிகளின் வழி குடும்பமே வேண்டாதவர்க்கு இயன்றது. பதவியும் இல்லாமல், துறவும் பூணாமல், கூத்தையே பிழைப்பாகக் கொண்ட சிற்றூர்க் கலைஞனுக்கு இவ்விரண்டும் பொருந்தவில்லை. இருபதாம் நூற்றாண்டில் மிராசு முறை தளர்ந்தது. கூத்துக்குழுக்கள் வாணிப முறையில் இயங்கத் தொடங்கின. குழுத் தலைவர் நடிகர்க்கு முன்பணம் கொடுத்து அவ்வாண்டு முழுதும் தம் குழுவில் ஆடுமாறு ஒப்பந்தம் செய்துகொள்வார். முன்பணம் மகள் திருமணத்துக்கும் மருத்துவச் செலவுக்கும் உதவிற்று. ஆனால் அதனை அடைப்பதற்காகவே அடுத்த ஆண்டும் ஆடவேண்டிய நிலை பலர்க்கு வந்தது. குடும்பத்துக்காக வாங்கிய கடன் கலைஞனைக் குடும்பத்திலிருந்தே பிரித்தது.

இந்நிலையை மாற்ற முயன்றவர்களுள் ஒருவர் பெருங்கட்டூர் பி. இராசகோபால். கூத்து மரபில் பிறந்த அவர், பத்து வயதளவில் பள்ளியை விட்டுத் தந்தையாரின் குழுவில் சேர்ந்தவர். ஏட்டுக்கல்வியை இழந்து மேடைக்கல்வியைப் பெற்றவர்; நடிகராயும் ஆசிரியராயும் நாடகம் எழுதுபவராயும் விளங்குபவர். 1990 இல் கலைஞர்கள் ஒன்றுகூடிக் கட்டைக்கூத்துச் சங்கத்தை அமைத்தபோது அவர் அதன் முன்னோடியாய் நின்றார். நெதர்லாந்திலிருந்து வந்து இக்கலையை ஆராய்ந்தவரும், அவருடைய வாழ்க்கைத் துணைவியருமாகிய அன்னே தெ புரூயின் அம்மையார் அப்பணியில் தோள் கொடுத்தார். கட்டையால் ஆகிய அணிகலன்களே இக்கலையின் அடையாளமாதலின், அப்பெயரையே சங்கம் மேற்கொண்டது.

2002 இல் காஞ்சிபுரத்துக்கு அண்மையிலுள்ள புஞ்சரசந்தாங்கல் என்னும் ஊரில் இச்சங்கத்தார் ஒரு குருகுலத்தை நிறுவினர். கூத்தாடும் சிறுவர்கள் இரவில் ஆடிப் பகலில் உறங்கிப் பள்ளியை இழந்தனர்; பள்ளியில் நிலைத்தவர்களோ கூத்தை இழந்தனர். இரண்டில் ஒன்றை இழந்தே தீரவேண்டுமா என்னும் கேள்விக்கு விடையாக எழுந்தது அக்குருகுலம். உறைவிடப் பள்ளியாகிய அங்கே பாடமும் கூத்துப் பயிற்சியும் ஒருசேரக் கற்பிக்கப்பட்டன. சிறுமியரும் சேர்க்கப்பட்டனர். பெண்ணுக்கு இடமில்லாதிருந்த மேடையில், கிரீடமும் புயக்கட்டையும் அணிந்து அவர்கள் வீரர்களாய்த் தோன்றினர். இது சிறிய மாற்றமன்று. எனினும், ஆடவனுக்கு மனைவி வீட்டைக் காத்தாள். ஆடும் பெண்ணுக்கு வீட்டைக் காப்பவர் யார் என்னும் கேள்வி உடனே எழுந்தது. திருமணத்துக்குப் பின் மேடையைத் தொடர்வது பெண்களுக்கு இன்றும் எளிதாய் இல்லை. 2020 இல் அக்குருகுலம் மூடப்பட்டது. அங்குப் பயின்றோருள் சிலர் கூத்தைத் தொடர்ந்தனர். சிலர் வேறு பணிகளுக்குச் சென்றனர். இருவகையினரும் எழுத்தறிவோடு சென்றனர் என்பதே அதன் பயன்.

இதே காலத்திலேதான் அண்டையில் பெரியதொரு மாறுதல் நிகழ்ந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1998 இல் கார் உற்பத்தியைத் தொடங்கிற்று. திருப்பெரும்பூதூரில் நோக்கியா நிறுவனம் 2006 இல் கைப்பேசித் தொழிற்சாலையைத் திறந்தது. ஒரகடத்தில் 2010 இல் ரெனோ–நிசான், 2012 இல் டைம்லர் என ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாய் எழுந்தன. ஏரிப்பாசனத்தை நம்பியிருந்த ஊர்களின் இளைஞர்கள் கம்பெனிப் பேருந்தில் ஏறினர். பெண்களும் ஆயிரக்கணக்கில் ஆலைப் பணிக்குச் சென்றனர். மாதந்தோறும் குறித்த நாளில் வரும் ஊதியம், களத்துமேட்டு நெல்லும் முன்பணமும் கொடாத உறுதியைக் கொடுத்தது. இதனைக் கலையின் பகை என்று தூற்றுவது நேர்மையாகாது. பசியாற உண்டு, பிள்ளையைப் படிக்கவைத்து, கூரை வீட்டைக் கல்வீடாக்கிய குடும்பத்தை நோக்கிக் 'கூத்தை விட்டீர்களே' என்று கடிந்துகொள்ள நாம் யார்?

ஆயினும், ஆலையின் கடிகாரம் வேறு. கூத்தின் கடிகாரம் வேறு. உழவன் மழைக்காலத்தில் வயலிலும் வெயிற்காலத்தில் திடலிலும் நிற்கக் கூடியவனாயிருந்தான். ஆலைக்கோ வெயிற்காலமும் இல்லை, மழைக்காலமும் இல்லை. ஆண்டு முழுதும் ஒரே வேகத்தில் இயங்கும் அது, இரவையும் முறைப்பணியாக்கிக்கொண்டது. விடியும்வரை கூத்தாடியவன் காலை முறைக்குச் செல்ல இயலாது. இரவு முறையில் உள்ளவன் கூத்தைப் பார்க்கவும் இயலாது. கலைஞனுக்கு மட்டுமன்றிப் பார்ப்பவர்க்கும் இரவு இல்லாமற் போயிற்று. முன்னே வருவாய் குறைவு, ஓய்வு உண்டு. பின்னே வருவாய் உண்டு, ஓய்வு குறைவு. ஆலை வேலையும் என்றும் நிலையானதன்று. திருப்பெரும்பூதூரின் பெருமையாய்ப் பேசப்பட்ட நோக்கியா ஆலை 2014 இல் உற்பத்தியை நிறுத்திற்று. கூத்தனுக்கு எந்த நிலையாமை உண்டோ, அதனைத் தொழிலாளியும் அன்று அறிந்தான்.

இச்சிக்கலுக்கு வேறொரு கலைஞர் குழு கண்ட விடையையும் ஈண்டுக் கூற வேண்டும். ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர் 1911 இல் பிறந்தவர். தந்தையார் மறைந்தபின் குடும்பத்தைக் காக்கும் பொருட்டுப் படிப்பை விட்டுத் தந்தி இலாகாவில் பணிபுரிந்தார். 1936 இல், இருபத்தைந்தாம் வயதில், சென்னைக் கலைப்பள்ளியில் மாணவராய்ச் சேர்ந்தார்; 1957 இல் அதன் முதல்வரானார். ஓவியம் கற்று வெளியேறிய மாணவர்கள் பிழைப்புக்காகத் தூரிகையை விட்டு எழுத்தர் வேலைக்குச் செல்வதை அவர் கண்டார். தாம் பட்ட இடர் அதுவன்றோ? அவரும் மாணாக்கரும் துணியில் பாத்திக் ஓவியம் தீட்டுதல் முதலிய கைவினைகளைச் செய்து விற்றனர். அதனால் வந்த பணத்தைத் திரட்டிச் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில், கடற்கரையை ஒட்டி நிலம் வாங்கினர். 1966 இல் சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவாயிற்று. கைவினை வயிற்றுக்கு, ஓவியம் உள்ளத்துக்கு என்பது அவர்கள் கொண்ட முறை. தங்கள் வீடுகளைத் தாங்களே எழுப்பிக்கொண்டனர், குடும்பத்தோடு வாழ்ந்தனர். பணிக்கரின் மகன் நந்தகோபால் அங்கேயே சிற்பியாய் விளங்கினார்.

சோழமண்டலத்தின் வெற்றிக்குக் காரணம் யாது? அரசன் கொடையையும் செல்வர் தயவையும் எதிர்பாராமல், தம் கையில் உள்ள திறனையே இரண்டாகப் பகிர்ந்துகொண்டதே முதற் காரணம். தனித்து நின்றால் தாங்கவியலாத சுமையைக் கூடி நின்று தாங்கியது இரண்டாவது காரணம். நிலம் தங்களுடையதாய் இருந்தது மூன்றாவது காரணம். கூத்துக்கலைஞரின் சங்கத்திலும் இக்கூட்டுறவு இருந்தது. ஆயின் ஓவியத்தைச் சுவரில் மாட்டி வைத்துப் பின்னர் விற்கலாம். கூத்தை அவ்வாறு வைத்திருக்க இயலாது. அஃது ஓரிரவில் பிறந்து அவ்விரவிலேயே முடிவது. ஆதலின் கூத்தனுக்கு வேண்டுவது நிலம் மட்டுமன்று, நேரமும் வேண்டும்.

இதுவரை கண்டவற்றைத் தொகுத்துப் பார்ப்போம். சங்க காலத்தில் கொடை, சோழர் காலத்தில் பங்கு, சிற்றூரில் மிராசு, பின்னர் முன்பணம், அதன்பின் சங்கமும் பள்ளியும், இன்று மாத ஊதியம். ஏற்பாடுகள் மாறின, கேள்வி மாறவில்லை. ஒவ்வோர் ஏற்பாடும் ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை வாங்கிற்று. கொடை பெருமை தந்தது, உறுதி தரவில்லை. பங்கு உறுதி தந்தது, உரிமை தரவில்லை. முன்பணம் அவசரத்துக்கு உதவிற்று, அடுத்த ஆண்டை அடகு வைத்தது. ஊதியம் உறுதி தருகின்றது, இரவைக் கேட்கின்றது. கொடுத்ததைவிட வாங்கியது குறைவாய் இருந்த ஏற்பாடே நல்ல ஏற்பாடு என்று கொள்ளலாம். அவ்வளவில், கலையையும் கல்வியையும் ஒரே கூரையின்கீழ் வைக்க முயன்ற குருகுலம் பதினெட்டு ஆண்டுகளே நடந்ததாயினும் போற்றத்தக்கது.

மாணவர்களே! உங்களுள் சிலர் பாடுவீர்கள், சிலர் எழுதுவீர்கள், சிலர் படம் வரைவீர்கள். நாளை உங்களுக்கு வேலையும் வீடும் குழந்தையும் வரும். அப்போது, 'கலை வேண்டுமானால் குடும்பத்தை மற, குடும்பம் வேண்டுமானால் கலையை விடு' என்று கூறுவோர் இருப்பர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. பகலில் நீதிமன்றம் சென்றவர் மாலையில் மேடை ஏறினார். தந்தி அடித்த கை பின்னர்த் தூரிகை பிடித்தது. ஏர் பிடித்த கைகள் கிரீடம் கட்டிக்கொண்டன. ஆனால் இவர்களுக்கெல்லாம் அந்த நேரத்தைத் தேடித் தந்தவர் ஒருவர் வீட்டில் இருந்தார். அவர் பெயர் விளம்பரத் தாளில் இல்லை. உங்கள் வீட்டில் அத்தகையவர் யார் என்று அறிந்துகொள்ளுங்கள். அவருக்கும் ஒரு கலை இருந்திருக்கும். அதற்குரிய நேரத்தை நீங்கள் அவருக்குக் கொடுங்கள்.

தொண்டை மண்டலத்துச் சிற்றூர்களில் கூத்து இன்னும் மறையவில்லை. பங்குனி பிறந்தால் திரௌபதி அம்மன் கோயில்களில் கொடி ஏறுகின்றது. ஆலைக்குச் செல்லும் இளைஞருள் சிலர் விடுப்பு நாளில் மத்தளத்தைத் தொடுகின்றனர். சிலர் ஊர்த் திருவிழாவுக்குப் பணம் திரட்டிக் குழுவை அழைக்கின்றனர். சங்க காலத்து வள்ளலின் இடத்தில் இன்று அவர்கள் நிற்கின்றனர். அவர்கள் அளிக்கும் தொகையில் கூத்தனுடைய பயணச் செலவும் அவன் பிள்ளையின் பள்ளிச் செலவும் அடங்கியிருக்குமாயின், சிறுபாணன் வீட்டில் அன்று அடைத்த கதவு திறந்துவிட்டது என்று நாம் சொல்லலாம்.